சூடு ஆறாமல் ஊற்றிய அகார்

பெர்சிஸ் தென்காசியில் ஒரு தனியார் மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். விவசாயிகள் கொண்டுவரும் மண்ணைத் தண்ணீரில் கரைப்பாள். அந்தக் கரைசலில் கொஞ்சம் எடுத்து மறுபடி மறுபடி தண்ணீர் கலந்து, கடைசியில் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் விட்டு, மேலே உருக்கிய அகாரை ஊற்றுவாள். கூழ் மாதிரி இருக்கும் அகார் உறைந்து சில நாள் ஆனால், கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த ஒவ்வொரு நுண்ணுயிரும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை எண்ணிச் சொல்வதுதான் வேலை.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே அகாரை ஊற்ற வேண்டும். இல்லையென்றால் துளியில் இருக்கும் உயிர்கள் வெந்துபோகும். இது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று குற்றாலத்தில் சீசன். கோயம்புத்தூரிலிருந்து வந்த நாத்தனார் குடும்பம் ஐந்தருவிக்குக் கிளம்பி, வாசலில் வேனில் காத்திருந்தது. கணவன் ஜோயல் விடாமல் போன் அடித்தான். அகார் இருந்த குடுவை சுட்டது. துணியைச் சுற்றிப் பிடித்து ஊற்றிவிட்டு ஓடினாள்.

பிறகு எடுத்துப் பார்த்தபோது தட்டுகள் அநேகமாகக் காலியாக இருந்தன. மண் சுரண்டைக்காரர் வேல்சாமியுடையது. அவர் தோட்டத்தில் கத்திரிச் செடி வளராமல் குட்டை குட்டையாக நின்றது. பெர்சிஸ் போனில் சொன்னாள்.

“மண்ணுல உயிரே இல்ல அண்ணாச்சி. களைக்கொல்லி ஏதும் அடிச்சீங்களா?”

அடித்தது அவர் தம்பி பாண்டி. வேல்சாமி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து, புதிதாக வந்த அகாரைச் சோதிக்க ஒரு மண் தேவைப்பட்டது. பிரிட்ஜில் வேல்சாமியின் மண் மிச்சம் இருந்தது. இந்தமுறை தட்டு முழுக்கப் புள்ளிகள், எண்ண முடியாத நெருக்கம். சுட்ட குடுவை அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

உடனே வேல்சாமியைக் கூப்பிட்டாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே அவர் நன்றி சொன்னார். அவளால்தான் உண்மை தெரிந்ததாம். தம்பியோடு நிலத்தைப் பிரித்தாகிவிட்டது, அவன் குடும்பத்தோடு கேரளத்தில் புனலூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார். பெர்சிஸ் சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். முதலாளியிடம் சொன்னதற்கு, போனது போகட்டும், வெளியே தெரிந்தால் நிறுவனத்தின் பெயர் கெடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவளுக்கு ஜெபம் வரவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சுரண்டை பஸ் ஏறினாள்.

தோட்டத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள்; வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. கத்திரியைக் கெடுத்தது வேரைத் தாக்கும் நூற்புழு. களைக்கொல்லி இல்லை.

வேல்சாமி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“மண்ணக் கொன்னுட்டியே பாவின்னு பொண்டாட்டி பிள்ளைய முன்னால அவனச் சொல்லிட்டேன். அந்த வார்த்தைய இனி எங்கன போயி எடுக்கச் சொல்லுதிய?”

“நான் பேசுதேன் அண்ணாச்சி. நம்பர் தாங்க.”

பாண்டி முழுக்கக் கேட்டான். அவன் திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

“எங்கண்ணன் என்னய ஒரு வார்த்த கேக்காமயே நம்பிட்டாருல்லா, அதான்க்கா வலிச்சுது. நீங்க மனசப் போட்டு ஒழப்பாதிய.”

அதைக் கேட்டுத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அன்று அதே குடுவையிலிருந்து அகார் ஊற்றிய மற்ற மண்களுக்கு உரியவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள். வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். முதலாளி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

பொங்கலுக்குப் பாண்டி ஊருக்கு வந்தான். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள். நிலம் பிரிந்தது பிரிந்ததுதான். பாண்டியின் பங்கு தரிசாகக் கிடப்பதாக வேல்சாமி சொன்னார். புனலூரில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டானாம், இனி வரமாட்டானாம்.