சிஸ்டரம்மாவின் கீபோர்டும் என் நீச்சலும்

துபாயில் பல வருஷம் கணக்கெழுதிவிட்டு, ஐம்பது தாண்டியதும் பாபநாசத்துக்கே திரும்பி வந்து வீடு கட்டினேன். அதன்பிறகு எனக்கு மிஞ்சிய வேலை சர்க்கரை மாத்திரை போடுவதும், போட்டேனா என்று மனைவியிடம் கேட்பதும்தான். "இந்த வயசுக்கு மேல என்ன இருக்கு?" என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அப்படிச் சொல்வதில் ஏதோ கம்பீரம் இருப்பதாகவும் நினைப்பு.

பக்கத்து வீட்டில் எண்பதைக் கடந்த ஓர் அம்மா தனியாக இருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். ஊரே சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிடும். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, பிள்ளைகளை வளர்த்து, ஒருவரைக் கனடாவுக்கும் ஒருவரை ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பியவர். சுனாமி வந்தபோது, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும், நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏறிப் போய் முகாமில் மாதக்கணக்கில் காயங்களுக்கு மருந்து கட்டினாராம். இதை என் மனைவிதான் சொன்னாள். அவர் என்னிடம் சொன்னது வேறு: "தம்பி, நான் கீபோர்டு கத்துக்கறேன். சத்தம் தொந்தரவா இருந்தா சொல்லுங்க."

தொந்தரவாகத்தான் இருந்தது. தினமும் ஒரே பாட்டு, ஒரே இடத்தில் தவறும். என் மதியத் தூக்கம் போயிற்று. "இந்த வயசுல இது தேவையா?" என்று முணுமுணுத்தேன்.

"உங்க வயசுல பகல் தூக்கம் தேவையா?" என்றாள் மனைவி.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் வாசிக்கப் போவதாகச் சொல்லி, சிஸ்டரம்மா எங்களையும் அழைத்திருந்தார். சர்ச் நிறையக் கூட்டம். பாடகர் குழு எழுந்து நிற்க, சிஸ்டரம்மா வாசிக்கத் தொடங்கினார். சரியாக அந்த இடம் வந்ததும் விரல் தவறியது. பாடியவர்கள் ஒரு பக்கமும் இசை ஒரு பக்கமும் போய், எல்லாம் நின்றுவிட்டது. எனக்கு வியர்த்தது. நானாக இருந்தால் பின்வாசல் வழியாக வெளியேறி நேரே துபாய்க்கே போயிருப்பேன்.

அவரோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மைக் பக்கம் குனிந்தார். "மன்னிச்சுக்குங்க. முதல்லேருந்து வருவோம்." சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுபடி வாசித்தபோது அந்த இடத்தைத் தாண்டி, அடுத்த வரியில் தவறினார். ஆனால் நிறுத்தவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "கூச்சமா இல்லையாம்மா?"

"இல்லாம என்ன! எத்தனை பேருக்கு நரம்பு கிடைக்காம மறுபடி மறுபடி ஊசி குத்தியிருக்கேன் தெரியுமா? திட்டுவாங்க. சாரி சொல்லிட்டு திரும்பக் குத்துவேன். அது கெடக்கட்டும், நீங்க என்ன கத்துக்கப் போறீங்க?"

அன்று எனக்கு என்ன ஆனதோ, "நீச்சல்" என்று சொல்லிவிட்டேன். காவிரிப் பக்கத்துக்காரனுக்கு நீச்சல் தெரியாமல் இருக்கும் என்று யாரும் நினைக்காததால், அதுவரை யாரும் கேட்டதும் இல்லை.

ஆனி கழிந்து ஆற்றில் தண்ணீர் வந்தது. அவர் மறந்திருப்பார் என்று நம்பினேன். மறக்கவில்லை. ஒரு காலை, மிதப்பதற்காக முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு, என் மச்சான் கையைப் பிடித்தபடி படித்துறையில் இறங்கினேன். சிஸ்டரம்மா குடை பிடித்து மேல்படியில் உட்கார்ந்திருந்தார். மச்சான் கையை விட்டதும் கேனோடு குப்புறக் கவிழ்ந்து மூழ்கினேன். தண்ணீர் குடித்தேன். காப்பாற்றச் சொல்லி அலறினேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பதறி எழுந்தார்கள்.

"தம்பி, எந்திரிச்சு நில்லுங்க! இடுப்பளவுதான்!" என்றார் சிஸ்டரம்மா.

நின்றேன். இடுப்பளவுதான். படித்துறையே சிரித்தது. துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று கரையைப் பார்த்தேன். அவர் மட்டும் சிரிக்காமல், நான் அடுத்து என்ன செய்வேன் என்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் கரையேற முடியவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு மச்சான் கையை மறுபடி பிடித்தேன்.

ஐப்பசிக்குள் கேனோடு கொஞ்ச தூரம் போகப் பழகிவிட்டேன். எருமை மிதப்பதுபோல இருக்கிறது என்கிறாள் மனைவி. இருக்கட்டும் என்று மறுநாளும் இறங்குகிறேன்.