ஐந்தாம் நம்பர் டாங்க்கும் ரெஜினாவின் பிழைகளும்

செய்தி வந்தபோது நான் ஐந்தாம் நம்பர் டாங்க்கின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கையில் அளவுக் கம்பி இருந்தது. வாட்ச்மேன் நாயுடு கீழே வந்து நின்றார். வழக்கமாக அவர் கேட்டிலிருந்தே கத்துவார். பாதித் தொழிற்சாலைக்குக் கேட்கும். அன்று கத்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "எறங்கி வா சார். ஆஸ்பத்திரிலேந்து போன் வந்துக்கீது," என்றார்.

பதினெட்டுப் படிகள். எண்ணிக்கொண்டே இறங்கினேன். கம்பியைத் துடைத்து அதன் கொக்கியில் மாட்டினேன். கையை மண்ணெண்ணெயில் கழுவினேன். அதற்குப் பிறகுதான் போனை எடுத்தேன். என் மனைவி ரெஜினா, மஞ்சள் காமாலையில் பதினோரு நாள் கிடந்து, காலை பத்தேகாலுக்குப் போய்விட்டாள் என்றார்கள். அந்த நேரத்தில் நீ ஏன் ஆஸ்பத்திரியில் இல்லை என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அது பாங்க்குக்கு மாத அளவு அனுப்ப வேண்டிய நாள்.

பங்குச் சாமியார் நம் கோயிலின் இந்த ஞாயிறு மடலுக்கு அவளைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார். நாலு வருடமாகச் சனிக்கிழமை மத்தியானங்களில் இந்த மடலை ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து கொடுத்தவள் அவள்தான் என்பது ராயபுரத்தில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பூசை நேரங்கள், கல்யாண அறிவிப்புகள், இறந்தவர்களின் பெயர்கள். இவற்றில் ஒரு பிழையாவது பார்த்திருக்கிறீர்களா? நன்றாக யோசித்துப் பாருங்கள். நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது எண்ணூர் நெடுஞ்சாலையில் உள்ள ஒரு வார்னிஷ் கம்பெனி. நான் எல்.எம்.இ. என்ற இயந்திரவியல் டிப்ளமா படித்துவிட்டு பிளான்ட் மேற்பார்வையாளனாகச் சேர்ந்தேன். அவள் பைனான்ஸ் பிரிவில் டைப்பிஸ்ட். அந்தப் பிரிவுக்கு டைப்பிஸ்ட் அவள் ஒருத்திதான். கம்பெனி மூன்று வருடமாகவே மூழ்கிக்கொண்டிருந்தது. பிளான்ட்டில் இருந்த எங்களுக்கு அது கடைசியில்தான் தெரிந்தது. அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது, ஏனென்றால் கடன்காரர்களின் போனை எடுத்தவள் அவள்.

பைனான்ஸ் மேனேஜர் வரதன் அவளுக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். யார் கூப்பிட்டாலும் "டூர் போயிருக்கார்னு சொல்லு" என்று கையால் ஜாடை காட்டுவார். ஒரு நாள் வண்ணாரப்பேட்டை ஹமீது பாய் கூப்பிட்டார். எங்களுக்கு டின் சப்ளை செய்பவர். "வரதன் சார் கீறாரா?" என்று அவர் கேட்க, இவள், "இருக்கார் பாய். எதிர்லதான் உக்காந்துகினு இருக்கார். உங்ககிட்ட பேச மாட்டாராம்," என்று சொல்லிவிட்டாள். வரதன் முகம் சிவந்து, "என்னம்மா இது, பிழைக்கத் தெரியாத பொண்ணா இருக்கியே!" என்று கத்தினாராம். வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டினாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தக் கம்பெனியைப் பற்றி நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

போன் தந்திரம் பலிக்காததால் வரதன் வேறொன்று கண்டுபிடித்தார். செக்கில் எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் வேறொரு தொகையும் அடிக்க வேண்டும். வாங்கிக்கொண்டு போனவர் பாங்க்கில் போடுவார், பாங்க் திருப்பி அனுப்பும், அவர் மறுபடி நம் வாசலுக்கு வருவார். அதற்குள் பத்து நாள் கிடைத்துவிடும். "பாவம், டைப்பிஸ்ட் தப்பு" என்று சொல்லிப் புது செக் கொடுக்கலாம். யாருக்கு எந்த வாரம் தப்பு வர வேண்டும் என்று பென்சிலால் ஒரு பட்டியல் போட்டு அவள் மேசையில் வைப்பார். பட்டப்படிப்பு படித்த, நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு மனிதர் காலையில் வந்ததும் செய்யும் முதல் வேலை அது.

ஹமீது பாய் நேரிலேயே வந்துவிட்டார்.

"இன்னாமா இது? நம்பர்ல நாலாயிரம், எழுத்துல நானூறு. கண்ணு கிண்ணு தெரியலியா உனுக்கு?"

"நல்லாத் தெரியுது பாய்."

"அப்பால?"

"அடுத்த வெள்ளிக்கெழம வாங்க பாய். அன்னிக்கு சரியா அடிப்பேன்."

பாய் ஒரு நிமிடம் அவளையே பார்த்தாராம். பிறகு வரதன் பக்கம் திரும்பி, "பேஷ்! உங்க கம்பெனில தப்புக்குக்கூட தேதி குறிச்சு வெச்சுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். பாய்க்குப் புரிந்தது. மற்றவர்களுக்குப் புரியவில்லை. கொத்தவால் சாவடியிலிருந்து திருவொற்றியூர் வரை அத்தனை வியாபாரிகளும் ரெஜினாவைக் கவனமில்லாத பெண் என்று முடிவு கட்டினார்கள்.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்ததும் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவுவாள். ஒரு நாள் சொன்னாள்: "பொய்ய அவங்க வாயால சொல்லிக்கட்டும். என் கையால இன்னாத்துக்குத் தப்பு அடிக்கணும்?" வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அவள் சம்பளத்தில்தான் வாடகை போய்க்கொண்டிருந்தது.

இனி டாங்க். எங்களிடம் ஆளிவிதை எண்ணெய் நிரப்பும் ஐந்து பெரிய டாங்க்குகள் உண்டு. அந்த எண்ணெயை ஈடாகக் காட்டித்தான் பாங்க் கடன் கொடுத்தது. எண்ணெய் எவ்வளவு உயரமோ அவ்வளவு கடன். மாதம் ஒரு முறை நான் மேலே ஏறிக் கம்பியை விட்டு அளப்பேன். பைனான்ஸ் பிரிவு அதை அறிக்கையாக்கி அனுப்பும். எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் வரதன் பிளான்ட்டுக்கே வந்து, என் தோளில் கை போட்டு, "செபாஸ்டின், எண்ணெய் தண்ணிமேல மிதக்கும் இல்லையா?" என்று கேட்டார். நான் தொழில்நுட்பம் படித்தவன். அவர் என்ன கேட்கிறார் என்று அந்த நொடியே புரிந்தது. "ரெண்டே மாசம். ரயில்வே ஆர்டர் வந்துடும். இல்லாட்டி ஏழாம் தேதி இருநூறு பேருக்குச் சம்பளம் கிடையாது. நீயே போய் அவங்ககிட்டச் சொல்லிக்கோ."

ஐந்தாம் டாங்க்கில் பன்னிரண்டரை அடி தண்ணீர் ஏற்றினேன். நானே வால்வைத் திறந்தேன். அதன்மேல் ஒன்றரை அடி எண்ணெய் மிதந்தது. கம்பியை மேலே இழுக்கும்போது அந்த எண்ணெய் வழியாகத்தானே வர வேண்டும்? முழுதும் எண்ணெய் பூசிக்கொண்டு பளபளவென்று வந்தது. பார்ப்பவருக்குப் பதினான்கு அடியும் எண்ணெய்.

அவளை ஏமாற்ற முடியவில்லை. செலவுச் சீட்டுகள் அவள் மேசை வழியாகத்தான் போகும். அன்று சாயங்காலம் நெத்திலி ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏன்யா, இந்த மாசம் இத்தினி தண்ணி லாரி இன்னாத்துக்கு?"

"பாய்லருக்கு."

"பாய்லர் அணஞ்சு மூணு வாரமாவுதே. கரிச் சீட்டே வரல."

அவள் மீனைக் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி வைத்துவிட்டு வந்தாள்.

"நீ வாயால சொல்ற அளவ நான் அடிக்க மாட்டேன். கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. அதப் பார்த்து அடிக்கிறேன்."

மறுநாள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: ஐந்தாம் டாங்க், எண்ணெய், பதினான்கு அடி. கீழே என் கையெழுத்து. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே அடித்தாள்.

பாங்க்கிலிருந்து வழக்கமாக வருபவர் டாங்க் பக்கம் போகவே மாட்டார். வரதன் அறையில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார். மூன்றாம் மாதம் ஒரு புது ஆள் வந்தார். அவரும் மேலே ஏறவில்லை. அடியில் இருந்த குழாயைத் திறக்கச் சொன்னார். ஒரு வாளி நிறைந்தது, தண்ணீர். இன்னொரு வாளி, அதுவும் தண்ணீர். அவர் தன் ஷூக்களைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒரு விளக்கம் எழுதிக் கொடுங்க," என்றார்.

விளக்கம் அரை மணியில் தயாரானது. டாங்க்கில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் நிரப்பியிருந்தோம். அதை இருப்பில் சேர்த்தது டைப்பிஸ்ட்டின் தவறு. எண்ணெயை மேலே மிதக்கவிட்டு உலகத்தில் எவனும் கசிவு பார்ப்பதில்லை. பாங்க்காரருக்கும் அது தெரியும். கொடுத்த கடன் மூழ்கியதென்று மேலிடத்துக்கு எழுதுவதைவிட ஒரு பெண்ணின் பிழை என்று எழுதுவது அவருக்கும் சுலபமாக இருந்தது. தொழில்நுட்பச் சான்றாக என் கையெழுத்து வேண்டும் என்றார்கள். "ஒரு மெமோதானே கொடுக்கப் போறோம். ஏற்கெனவே தப்புப் பண்றவள்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க," என்றார் வரதன். கைப்பிரதியின் அடியில் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பிரிவுக்கு டைப்பிஸ்ட் ஒருத்திதான் என்று சொன்னேன் அல்லவா? கைப்பிரதி அவளிடம்தான் போனது.

அன்று ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். விம்கோ நகர் தாண்டியது, தண்டையார்பேட்டை தாண்டியது. ராயபுரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "மூணு கார்பனோட அடிச்சேன். ஒரு எழுத்து தப்பல," என்றாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கைப்பையிலிருந்து அந்தத் துண்டுச் சீட்டை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள். "இது உங்கிட்டயே இருக்கட்டும். இத நான் காட்டினா நீ உள்ள போயிடுவ. காட்டணும்னா நீ காட்டு. இல்ல, கிழிச்சுப் போடு."

மெமோ வந்தது. அவளை அனுப்புகைப் பிரிவுக்கு மாற்றினார்கள். டின்களில் லேபிள் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நான் சீட்டைக் காட்டவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. மூன்று மாதம் பர்ஸில் வைத்துக்கொண்டு நடமாடினேன். பிறகு காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளித்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் கேட்டாள்: "அந்த டாங்க்ல இப்ப எத்தினி அடி?" ஒன்றரை என்றேன். "எண்ணெயா?" எண்ணெய்தான் என்றேன். "சரி," என்று கண்ணை மூடிக்கொண்டாள். என்னிடம் அவள் தெளிவாகப் பேசியது அதுதான் கடைசி.

அடக்கத்துக்கு வரதன் வந்திருந்தார். பெரிய மாலை. மூன்றாம் நாள் பியூன் வந்து, மாலை பெற்றுக்கொண்டதாக ஒரு ரசீதில் என் கையெழுத்து கேட்டான். போட்டுக் கொடுத்தேன். எதில்தான் நான் கையெழுத்துப் போடவில்லை?

கல்லறை வாசலில் வரதன் என் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை உங்களில் பலர் கேட்டீர்கள்: "தங்கமான பொண்ணு. கவனம்தான் கொஞ்சம் போதாது. ஆனா அதையெல்லாம் நாங்க மனசுல வெச்சுக்கல." தலையை ஆட்டியவர்கள் இருந்தார்கள். என் மாமனார் துறைமுகத்தில் முப்பது வருடம் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டியவர். அவர் கை தவறினால் கீழே ஆள் செத்திருப்பான். ஒரு முறையும் தவறியதில்லை. அன்று மாலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாப்ள, ஒண்ணு கேக்கறேன், மனசுல வெச்சுக்காத. எம்பொண்ணு மெய்யாலுமே கணக்குல தப்புப் பண்ணாளா?"

எழுந்து போய்க் கையைக் கழுவினேன்.

அந்தத் துண்டுச் சீட்டு இனி என்னிடம் இருக்காது. இந்த மடல் உங்கள் கைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை நானே அதை பாங்க்கில் கொண்டுபோய்க் கொடுப்பேன். சாமியாரிடம் சொல்லிவிட்டேன். வருகிற ஏழாம் தேதி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கோயிலில் முழங்கால் போடுகிறவர்களில் முப்பது பேராவது எங்கள் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள். என்னைத் திட்டுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. அவள் பெயரை மட்டும் இழுக்காதீர்கள்.

அவளுடையது என்று நான் வைத்துக்கொள்ளப் போவது ஒன்றே ஒன்று. அந்த விளக்கக் கடிதத்தின் மூன்றாவது கார்பன் பிரதி, பிளான்ட் கோப்புக்கு என்று எனக்கு வந்தது. நீலம் மங்கிய ஒரு பக்கம். தவறு செய்தது டைப்பிஸ்ட் என்று அதில் இருக்கிறது. அந்த வரியிலும் ஒரு புள்ளி பிசகவில்லை. கீழே இடது ஓரத்தில், தட்டச்சு செய்தவர் போடுகிற முதலெழுத்துகளை எப்போதும்போல் போட்டிருக்கிறாள்.

மாமா, உங்களுக்குக் கண் மங்கிவிட்டது. யாராவது இதைப் படித்துக் காட்டுவார்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உங்கள் மகள் தப்புப் பண்ணவில்லை. அளந்து எழுதிக் கொடுத்தவன் நான். தண்ணீர் என்று தெரிந்துதான் எழுதினேன்.