போடிமெட்டு வளைவில் ஒரு மருந்து ஜீப்

சென்ற டிசம்பரில் பாலக்காட்டுப் பக்கம் உள்ள என் ஊரான கொல்லங்கோட்டிலிருந்து போடிமெட்டுக்குப் போய்வந்தேன். ஊர் பார்க்க அல்ல. அங்குள்ள ஏலத் தோட்டங்களில் சில சிறு மருந்தகங்களை நடத்தும் ஓர் அறக்கட்டளை, மருந்து இருப்பை உடனுக்குடன் அறிய ஒரு செயலியைக் கொண்டுவந்தது. மருந்துக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அதற்கான விதிகளை என்னை எழுதச் சொன்னார்கள். கணக்கு ஒரு பிசகும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. கிடங்கில் இருந்தவனுக்கு அதுவே சந்தேகம். "சொல்லாமல் போய்ப் பாருங்கள்" என்றார்கள். மறுக்கத் தைரியம் இல்லாமல் கிளம்பினேன்.

காலை 5.40க்குப் பொள்ளாச்சி பஸ். அங்கிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து மூணாறு ஏறத்தாழ 85 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். வளைவுகளில் வயிறு புரளும். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். மூணாற்றில் தேனி பஸ் பிடித்தால் தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டில் இறங்கலாம். நான் இறங்கும்போது மணி மூன்று. அறை வாடகை 800 ரூபாய், வெந்நீர் உண்டு.

அறையில் பையைத் திறந்தால் இன்சுலின் இல்லை. மறந்துவிடக்கூடாது என்று ஐஸ் பையில் சுற்றி, கடைசி நிமிடத்தில் எடுத்துக்கொள்வதற்காக வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தது அங்கேயே இருந்தது. மருத்துவர் சீட்டுக்கு மட்டும் மூன்று நகல் கொண்டுவந்திருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டாக வேண்டும். கீழே போடிக்குப் போகலாமென்றால் மலைச்சாலை முழுக்கப் பனிமூட்டம். அறையில் சிக்னல் இருந்தது, செயலியைத் திறந்தேன். பக்கத்துத் தோட்ட மருந்தகத்தில் இன்சுலின் இருப்பு: ஆறு. என் முறைமீது எனக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பக்தி வந்தது.

மருந்தகத்தில் எஸ்தர் என்ற நர்ஸ் இருந்தார். சீட்டைப் படித்தார்.

"மருந்து இருக்குய்யா. ஆனா இங்க வச்சுத் தர முடியாது."

"ஏனுங்க?"

"கம்ப்யூட்டர்ல ஏறாம ஒரு மாத்திரகூட கையில குடுக்கக் கூடாதுன்னு ரூலு. இங்க ரேஞ்சு கெடையாது. பாலக்காட்டுப் பக்கம் ஃபேனுக்கு அடியில உக்காந்து எவரோ ஒரு மகராசன் எழுதிப்புட்டாரு. நாலரைக்கு ஜீப்பு போவும், ஏறிக்கிடுங்க."

என் ஃபேன் அவ்வளவு வேகமாகச் சுற்றாது. ஆனால் அதைச் சொல்லும் இடம் அதுவல்ல.

ஜீப்பில் நோயாளிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எஸ்தர் மடியில் ஐஸ் பெட்டி, அதற்குள் என் இன்சுலின். மூன்று கிலோமீட்டர் தள்ளி, சிக்னல் கிடைக்கும் வளைவு வரை தலைக்கு ஐம்பது ரூபாய்.

"முந்தி காச்சலுன்னா மாத்திர வாங்கிட்டு வீட்டுக்குப் போவோம். இப்ப டூரு போறோம்" என்றார் கம்பளி போர்த்திய ஓர் அம்மா.

வளைவில் ஜீப்பின் பானட்மேல் மருந்துகள் பரப்பப்பட்டன. எஸ்தர் போனை உயர்த்திப் பிடித்து, "ஏறிருச்சு" என்றதும் ஒருவருக்கு மருந்து, மறுபடி போன், மறுபடி "ஏறிருச்சு." எதிரே மைக்கேல் என்பவரின் டீக்கடை. காத்திருந்தவர்கள் எல்லோர் கையிலும் கிளாஸ்.

"அந்த ரூலு போட்டவுக நல்லா இருக்கணும்யா. முந்தி எனக்கு ஒரு பாக்கெட் பாலு மிஞ்சும். இப்ப நாலு பாக்கெட்டு பத்தல" என்றார் மைக்கேல்.

என் முறை வந்தபோது பனி இறங்கியது, சிக்னல் போயிற்று. எட்டினால் தொடும் தூரத்தில் இன்சுலின். கால் மணி நேரம் நின்றேன். ஒருவழியாகச் சிக்னல் வந்தது. எஸ்தர் திரையைப் படித்தார்.

"நீங்க வெளியாளாம். சூப்பர்வைசர் அனுமதிச்சாத்தான் குடுக்கணுமாம். அவரு போனுக்கு ஒரு ரகசிய நம்பர் போயிருக்காம். அவர எங்க போய்த் தேட?"

இந்த விதியும் நான் எழுதியதுதான், சூப்பர்வைசரின் போன் நம்பரை நிரப்பியதும் நான்தான். சூப்பர்வைசர் யார் என்பது எனக்கு நினைவு வந்த அதே நொடியில் என் சட்டைப்பை மணியடித்தது. காது மந்தமானதால் சத்தத்தை முழுதாக வைத்திருப்பேன்.

ஜீப்பே என் சட்டைப்பையைப் பார்த்தது.

"நம்பரச் சொல்லுங்கய்யா" என்றார் எஸ்தர், மிகப் பொறுமையாக.

சொன்னேன். ஏறிற்று. மருந்தை என் கையில் வைத்துவிட்டு, "மகராசன் நீங்கதானா?" என்றார்.

"ஆமாங்க."

"இங்க ரேஞ்சு இருக்கு. ஆப்பீசுக்குப் பேசுங்க."

பேசினேன். முதலில் மருந்து, சாயங்காலத்துக்குள் பதிவு என்று மாற்றச் சொன்னேன். யாருடைய ஆலோசனை என்று கேட்டார்கள். "ஒரு ஜீப் முழுக்க ஆளுங்க" என்றேன்.

மைக்கேல் ஓடிவந்தார். "என்னங்கய்யா அவசரம்? கிறிஸ்மஸ் கழிச்சு மாத்துனா ஆவாதா?"

"ஒமக்குக் காச்சல் வரட்டும், அப்பச் சொல்லும்" என்றார் கம்பளி அம்மா.

விதி மாறிவிட்டது. இப்போது எஸ்தர் மட்டும் தினமும் வளைவுக்குப் போய்ப் பதிவு செய்கிறார். மேசையில் உட்கார்ந்து விதி எழுதுபவர்கள் முதலில் அந்த இடத்தில் ஒரு நாள் நோயாளியாக நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது, தவறாகவும் இருக்கலாம்.

போகிறவர்களுக்கு: கம்பளி வேண்டும். இன்சுலினை ஃபிரிட்ஜில் வைத்தால் வாசல் செருப்பில் ஒன்றையும் அதன்கூடவே வையுங்கள். வெறுங்காலோடு யாரும் பஸ் ஏறமாட்டார்கள். மகராசன் அனுப்பினார் என்று சொன்னால் மருந்தகத்தில் நாற்காலி கிடைக்கும். மைக்கேல் கடையில் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.