நந்தி ஏறிய லாரியும் நாலாவது டயரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டின் சவுக்குத் தோப்பில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு லாரி டயருக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

தலைக்கு இல்லைங்க, டயருக்கேதான். எண்ணெய் தடவினால் பழைய ரப்பர் பளபளவென்று ஆகுமாம். சரி, பட்டுப்புடவை எதற்கு? முதல் பரிசு வாங்கும்போது போட்டோ எடுப்பார்களே... அதற்குத்தான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டு லாரியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கல்பாக்கத்தில் இன்ஜினியர். வாரநாட்களில் ஸ்டாஃப் பஸ்ஸில் இருப்பார். சனி, ஞாயிறு லாரிக்கு அடியில் இருப்பார். ராணுவ ஏலத்தில் பிடித்த லாரி அது. நீளமான மூக்கு, உருண்டைக் கண், பச்சை நிறம். செங்கல்பட்டில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில்தான் அதற்கு வாசம். மூக்கு ஹால் ஜன்னலை உரசும். வால் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும். என் ஸ்கூட்டி வேப்பமரத்தடியில் நனையும்.

"பழைய வண்டி ஷோவுல ஒரே ஒரு தடவை முதல் பரிசு வாங்கிட்டா போதும் சுதா. ஆசை தீர்ந்துடும். ஊட்டிப் பக்கம் ஒரு எஸ்டேட்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார். அவருக்குக் கொடுத்துடறேன்" என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

புரிகிறதா? லாரி ஜெயித்தால் லாரி போகும். லாரி போனால் போர்ட்டிகோ வரும். இந்த உலகத்தில் அந்த லாரி ஜெயிக்க வேண்டும் என்று அவரைவிட அதிகமாக ஆசைப்பட்ட ஒரே ஜீவன் நான்தான்!

போன வருஷமே ஜெயித்திருக்க வேண்டியது. ஜட்ஜ், வெள்ளை மீசை வைத்த ஒரு மெட்ராஸ்காரர், லாரியை இரண்டு சுற்று சுற்றி வந்தார். பானெட்டைத் தட்டிப் பார்த்தார். ஹாரனை அடித்துப் பார்த்தார். கடைசியில் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பாடி பிரமாதம். ஆனா டயர் இந்தக் காலத்துது. மார்க் போட முடியாது சார்."

இந்த மாதிரி லாரிக்கு அந்தக் காலத்தில் ஒரு தினுசு டயர் போடுவார்களாம். சாக்லேட் பாளம் மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். முன்னால் ஓடினாலும் பின்னால் ஓடினாலும் தரையில் ஒரே தடம்தான் விழும். எதிரி தடத்தைப் பார்த்தால் வண்டி வந்ததா, போனதா என்றே கண்டுபிடிக்க முடியாதாம். இதை என் வீட்டுக்காரர் சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். எங்கள் வீட்டு லாரி எங்கே போயிருக்கிறது, எங்கிருந்து வந்திருக்கிறது? அதற்கு எந்தத் தடமாக இருந்தால் என்ன?... ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. போர்ட்டிகோ முக்கியம்.

டயர் வேட்டையில் நானும் இறங்கினேன்.

அப்புறம் என் பார்வையே மாறிவிட்டது. கல்யாணத்துக்குப் போனால் மணப்பெண்ணின் நகையைப் பார்க்காமல், வாசலில் நிற்கிற டயர் வண்டியின் மாடுகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். கடற்கரைக்குப் போனால் படகின் விலாவில் கட்டியிருக்கிற டயரைப் பார்த்தேன். டீக்கடை ஓலைக்கூரை காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு டயரைப் போட்டிருந்தார்கள், ஏணி கேட்டேன். இப்படியே மூன்று டயர் தேறிவிட்டது. அதில் ஒன்றில் யாரோ கனகாம்பரம் வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலாவதைக் கண்டுபிடித்ததும் நான்தான்.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் பார்த்திருப்பீர்கள். பெரிய கல்லைத் தரையில் வைத்து உளி போட்டால் அடிப்பக்கம் சில்லு தெறிக்கும் என்று பழைய டயரின் மேல் உட்கார வைத்துத்தான் கொத்துவார்கள். தோழி ஒருத்தி கேட்டாள் என்று புத்தர் தலை வாங்கப் போயிருந்தேன். அங்கே பாதி முடிந்த நந்தி ஒன்று. அதன் வயிற்றுக்குக் கீழே... சாக்லேட் பாளம்.

சிற்பி ஏகாம்பரம் உளியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, எல்லாரும் நந்தியப் பாப்பாங்க. நீ அதுக்குக் கீழயே பாத்துகினு கீறியே?"

விஷயத்தைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். இவர் தரையில் படுத்து அந்த டயரைத் தடவிக் கொடுத்ததைப் பார்த்ததும் ஏகாம்பரத்துக்கு மனசு இளகிவிட்டது. வேறு இரண்டு டயர்களை வாங்கிக்கொண்டு, செயின் போட்டு நந்தியைத் தூக்கி, அதை உருவிக் கொடுத்தார்.

இப்போது சவுக்குத் தோப்புக்கு வருவோம். பழைய வண்டிப் பிரியர்களிடம் ஒரு ரகசியம் உண்டு. போட்டுக் கொடுக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளக் கூடாது. பழைய டயரில் யாரும் ஓட்டிக்கொண்டு வருவதில்லை. ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும். ரோட்டில் போட்டால் அவ்வளவுதான். அதனால் நல்ல டயரில் வந்து, கண்காட்சி வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் மறைவாக ஒதுங்கி மாற்றிக்கொள்வார்கள். கல்யாண மண்டபத்து மாடி ரூமில் பெண்கள் கூட்டமாகப் புடவை மாற்றுவோமே, அச்சு அசல் அந்தக் காட்சி. "கொஞ்சம் திரும்பிக்கங்க சார்" என்று சொல்லாத குறைதான்.

மாற்றிய நல்ல டயர்களை ஒளித்தும் வைக்க வேண்டும். ஜட்ஜ் கண்ணில் பட்டால் மானம் போய்விடும். என் வீட்டுக்காரர் அதிபுத்திசாலி. நான்கையும் தன் நண்பர் ஜெயராமனின் வேனில் ஏற்றி, ஒரேயடியாகக் கல்பாக்கத்தில் அந்த நண்பரின் குவார்ட்டர்ஸுக்கே அனுப்பிவிட்டார். "சாயங்காலம் கொண்டு வா, போதும்."

பத்தரை மணி. லாரி மைதானத்தில் தன் இடத்தில் நிற்கிறது. சரியாகப் பதினோரு மணிக்கு மதிப்பெண் போட ஆரம்பிப்பார்கள். அந்த நேரத்தில் அவரவர் இடத்தில் நிற்காத வண்டி போட்டியில் இல்லை என்பது சட்டம். மீசைக்கார ஜட்ஜ் அந்தப் பக்கமாகப் போகிற சாக்கில் எங்கள் டயரைப் பார்த்தார். நின்றார். உட்கார்ந்தே விட்டார். "மை காட்... எங்க சார் பிடிச்சீங்க?" என்று தழுதழுத்தார்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். மனதுக்குள் என் ஸ்கூட்டியை போர்ட்டிகோவில் நிறுத்தி ஸ்டாண்டும் போட்டுவிட்டேன்.

அப்போது கேட்டைத் தாண்டி ஏகாம்பரம் ஓடி வந்தார். உடம்பெல்லாம் கல் தூசி.

"அண்ணாத்த, பேஜாராப் போச்சு. நந்திக்குப் பேசின வண்டி வர்ற வழியில படுத்துக்கிச்சு. திருப்போரூராண்ட கிராமத்துக் கோயிலு. மேளமெல்லாம் வந்து குந்திகினு கீறாங்க. பன்னெண்டுக்குள்ள நந்தி எறங்கணும். இத்த வுட்டா ஆடி முடிஞ்சுதான் நல்ல நாளு."

என் வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். "அதுக்கு நான் என்ன செய்யறது?"

"உன் வண்டியிலதான் தூக்கணும். மூணு மாசமா அந்த டயரு மேலதான நைனா அது குந்திகினு இருந்துது? இன்னிக்கு ஒரு தபா இட்டுகினு போவட்டும்."

இவர் டயரைப் பார்த்தார். நல்ல டயர்கள் கல்பாக்கத்தில். ஜெயராமனின் செல்போனுக்கு அடித்தால் சிக்னல் இல்லை. ஜட்ஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எத்தனை வருஷத்துக் கனவு... இவருடைய முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"என்ன சுதா செய்யலாம்?"

யோசித்துப் பாருங்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இன்னும் அரை மணி நேரம் பேசாம நில்லுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். போர்ட்டிகோ கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. ஆனால் அங்கே ஒரு ஊரே மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது என்று கேட்டதும், மூளையைக் கேட்காமல் என் வாய் முந்திக்கொண்டது.

"ஏத்துங்க. போகலாம்."

சிற்பக்கூடத்தில் செயின் கடகடவென்று இறங்க, வைக்கோல் மெத்தையில் நந்தி ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. லாரி ஒரு முனகல் முனகிக்கொண்டு கிளம்பியது. திரும்பிப் பார்க்கிறேன்... பின்னால் ஒரு திறந்த கார் வருகிறது. அதற்குப் பின்னால் பக்கத்தில் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள். அதற்கும் பின்னால் ஒரு கட்டை வேன். மைதானமே எழுந்து வருகிறது!

என்ன ஒரு பக்தி என்று நெகிழ்ந்து போனேன். மோட்டார் சைக்கிள்காரர் பக்கத்தில் வந்து உண்மையைச் சொன்னார்.

"இவ்வளவு பழைய டயர் லோடு ஏத்திப் போய் நாங்க யாரும் பார்த்ததே இல்ல மேடம். எங்க வெடிக்குதுன்னு பார்க்க வந்தோம்."

ஈ.சி.ஆரில் எங்களை சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். ஒரு பஸ் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "இன்னா, ஷூட்டிங்கா?" என்று கேட்டார். நெம்மேலியில் திரும்பி உப்பங்கழியைக் கடக்கும்போது, காற்று லாரியின் ஒரு பக்கத்தில் புகுந்து மறுபக்கம் வெளியேறியது. காலுக்கடியில் தகரம் கொதிக்கிறது. என் பட்டுப்புடவை முழுக்கத் தேங்காயெண்ணெயும் கல் தூசியும். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் ஒரு சிரிப்பு. லாரி போர்ட்டிகோவில் நின்ற இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காரணமே இல்லாத சிரிப்பு. ஒரு மேடு வரும்போதெல்லாம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், தாண்டியதும் சிரிப்போம். பின்னால் வருகிறவர்கள் ஏமாற்றத்துடன் ஹாரன் அடிப்பார்கள்.

அத்தனை சந்தோஷமாக நான் எந்த ஏ.சி. காரிலும் போனதில்லை, சத்தியமாக.

கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் மிச்சம் இருந்தது. டயர் தாங்கிவிட்டது. ஆனால் முதல் தடவை சாமி சுமந்து வந்த வண்டியைச் சும்மா விடுவார்களா? ஆரத்தி எடுத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். "ஒரு அடி பின்னால ஏத்துங்க சார்" என்றார் பூசாரி.

இவர் பின்னால் ஏற்றினார். ஒரு பழம் நசுங்கியது. இரண்டு, மூன்று...

டமார்.

நெம்மேலி மேட்டில் வெடிக்காதது, உப்பங்கழியில் வெடிக்காதது, ஒரு எலுமிச்சம்பழத்துக்கு வெடித்துவிட்டது. நந்தியின் கீழிருந்து வந்த அதே டயர்தான். அதிர்வேட்டு போட்டாகிவிட்டது என்று நினைத்து மேளக்காரர்கள் கொட்ட ஆரம்பித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். பின்னால் வந்த பிரியர்கள் கைதட்டினார்கள். வந்த காரியம் அவர்களுக்கும் முடிந்ததே! லாரி பின்பக்கம் அப்படியே சாய்ந்து கொடுக்க, பலகையைப் போட்டு நந்தியை அலுங்காமல் சறுக்கி இறக்கினார் ஏகாம்பரம்.

"பாத்தியாம்மா, வண்டியே குனிஞ்சு எறக்கி வுடுது" என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வெள்ளை மீசை வந்தது. ஜட்ஜேதான். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "ஜாக்கி எங்க சார்?" என்று கேட்டபடி லாரிக்கடியில் போய்விட்டார். ஒருவழியாக போன் கிடைத்து ஜெயராமன் நல்ல டயரோடு வந்து சேரும்வரை அவர் வெளியே வரவில்லை. கோயில் புளியோதரையைக்கூட அடியில்தான் கொடுத்தோம்.

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோருமே சவுக்குத் தோப்பு ஆசாமிகள்தான், இல்லையா? நல்ல டம்ளர் செட் ஷோகேஸில் இருக்கும். காபி குடிப்பது விளிம்பு உடைந்த டம்ளரில். வெடித்துவிடுமோ, உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து, அந்தப் பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதே மறந்துபோகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஷோகேஸைத் திறந்து டம்ளர்களை வெளியே எடுத்துவிட்டேன்.

சரி, முதல் பரிசு?

சட்டம் சட்டம்தான். பதினோரு மணிக்கு மைதானத்தில் தன் இடத்தில் நின்றது ஒரே ஒரு வண்டி. பேட்டரி செத்துப்போய், எங்களோடு வர முடியாமல், அழாத குறையாக ஓனர் சாய்ந்துகொண்டிருந்த ஒரு மஞ்சள் கார். ஜட்ஜ் அதற்கு மார்க் போட்டுவிட்டுத்தான் எங்களைத் துரத்திக்கொண்டு வந்திருக்கிறார். கோப்பை அதற்குப் போய்விட்டது.

ஆகவே லாரி இன்னும் என் போர்ட்டிகோவில்தான் நிற்கிறது. ஊட்டிக்காரர் நேற்றுகூட போன் செய்தார். "பரிசு வரலையே" என்று இவர் வைத்துவிட்டார். வாக்கு வாக்குதானே! வேறு ஒரு நாலாவது டயருக்கு நாங்கள் இரண்டு பேரும் மறுபடி தேட ஆரம்பித்திருக்கிறோம்.

கிடைத்துவிடும். அடுத்த வருஷம் ஜெயித்துத் தொலைத்துவிடுவோமோ என்றுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.