ஸ்டெல்லாக்கா வெட்டாத பாரை மீன்

கொட்டாஞ்சேனை ஸ்டெல்லாக்கா இருபது வருசமா மீன் வெட்டுறா. இண்டைக்கு அவவுக்கு மீன் வெட்டுற சோதனை. மார்க்ஸ் போடுற ஆள் நான்.

கடலுணவுத் தொழில் சான்றிதழைப் புதுசாக்கியிருக்கினம். முந்தி எழுதினாப் போதும், இப்ப கத்தியோட செய்து காட்ட வேணும்.

சோதனைக்கு வாங்கின பாரை மீன் பெட்டி தெமட்டகொடை செக்பொயின்டில நிண்டு, ஐஸ் உருகி, மத்தியானம்தான் வந்து சேந்தது.

ஸ்டெல்லாக்கா செவுளைத் தூக்கிப் பாத்தா. கத்தியைக் கீழ வைச்சிட்டா.

"இதை நான் வெட்ட மாட்டேன் தங்கச்சி."

"வெட்டாட்டி மார்க்ஸ் இல்லையக்கா."

"மார்க்ஸை நீயே வைச்சுக்கொள். என் கையால பழுதான மீன் ஒருத்தர் வீட்டுக்கும் போனதில்லை."

மார்க்ஸ் போடுற புதுப் படிவத்தைப் புரட்டினன். முதல் வரியிலேயே கிடந்தது: 'பழுதடைந்த மீனை இனங்கண்டு மறுத்தல்.' அதைத் தமிழாக்கினதே நான்தான்.

முழு மார்க்ஸும் போட்டன். அக்கா சிரிச்ச சிரிப்பில பக்கத்து அறையில இருந்தும் ஆக்கள் எட்டிப் பாத்தினம்.

ஒரு சின்னப் பிரச்சினை. அவவுக்கு முந்தி ஐஞ்சு பேர் அதே பெட்டி மீனை அழகா வெட்டித் தர, நானும் சந்தோசமா மார்க்ஸ் போட்டிருந்தன்.

அவையளுக்கு நாளைக்குத் திரும்பச் சோதனை. எனக்கு எப்ப எண்டு நீங்களே சொல்லுங்கோ.