கொடியில் காய்ந்த சேலை

1. வேன்

ஜனங்கள் போட்ட பணத்தோடு பைனான்ஸ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஷட்டரை இறக்கிய தொண்ணூறுகளின் கடைசியில், மதுரையில் பிளாட் விற்பதைவிடப் பேய்க்கு வாடகை வீடு பிடித்துக் கொடுப்பது சுலபம். ஆனையூரைத் தாண்டி எங்கள் முதலாளி லேஅவுட் போட்டிருந்தார். கல் ஊன்றி, மண் ரோடு அடித்து, கலர் தோரணம்கூடக் கட்டியாயிற்று. நான் சேல்ஸ். ஞாயிறுதோறும் பழங்காநத்தத்திலிருந்து வேனில் ஆள் கூட்டிப் போவேன். மத்தியானச் சாப்பாடு எங்கள் செலவு. சாப்பிட்டுக் கை கழுவியதும் கேட்பார்கள்.

"அண்ணே, பைனான்ஸ்காரனும் இப்பிடித்தான் சோறு போட்டுப் பேசுனான். இம்புட்டுப் பேசுறீகளே, இங்க ஒரு மனுசனாச்சும் குடியிருக்கானா?"

"வருவாங்கண்ணே."

"வரட்டும். பெறகு நாங்க வாரோம்."

முதலாளி எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "அடுத்த தைப் பொங்கலுக்குள்ள சேல்ஸ் சூடு பிடிக்கலைன்னா ஆபீஸைப் பூட்டிருவேன். பிடிக்க வச்ச ஆளுதான் மேனேஜர்."

அந்த நாற்காலியில் நான் அப்போதே துண்டு போட்டுவிட்டேன். ஆபீஸில் என்னைவிட்டால் பேசத் தெரிந்தவன் யார்?

2. நிர்மலா

நின்றுபோன சம்பளத்துக்குப் பதிலாக முதலாளி எங்களுக்கு ஆளுக்கொரு பிளாட் எழுதிக் கொடுத்திருந்தார். என்னுடையதைத் தள்ளிவிட நான் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் டைப் அடித்த நிர்மலாவுக்கு எனக்கு நேர் எதிர் பிளாட். சௌராஷ்டிரப் பெண், வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடையில் வேலை. அவள் தன் பிளாட்டில் ஒரு அறை, ஒரு அடுப்படி கட்டி, சிமெண்ட் ஷீட் போட்டு, பால் காய்ச்சிக் குடியே வந்துவிட்டாள். சுற்றிலும் பொட்டல்.

"பாம்பு வரும்மா" என்றேன்.

"வாடகை வீட்டுக்காரம்மா வாரதுக்குப் பாம்பு வந்தாத் தேவலைண்ணே."

அடுத்த ஞாயிறு வேனை நிறுத்தி, பஸ் வரப்போகிறது, பள்ளிக்கூடம் வரப்போகிறது என்று ஆரம்பித்தேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நிர்மலா வீட்டுக் கொடியில் ஈரச்சேலை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் இறங்கி நேரே அங்கே போனார்கள்.

"ஏம்மா, தண்ணி எப்பிடி? உப்பா?"

"குடிச்சுப் பாருங்கக்கா" என்று சொம்பை நீட்டினாள்.

குடித்தார்கள். அடுப்படியை எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கே இரண்டு குடும்பம் அட்வான்ஸ் கொடுத்தது, அதுவும் அவள் கையில். தொண்டை வற்றக் கத்தியவன் நான்! முதலாளி சிரித்தார்: "பாத்தியாய்யா, வாய் வலிக்காம வித்துட்டா." எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

3. பால்கனி

என் மனைவி செல்வியிடம் கொட்டினேன். அவள் ஆறுதல் சொல்லும் ஜாதி இல்லை.

"அவ அங்க குடியிருக்கா. நீங்க ஊருக்கெல்லாம் இடத்த வித்துட்டு வாடகை வீட்டுல கெடக்கீக. உங்கள எவன் நம்புவான்?"

ரோஷம் வந்துவிட்டது. அவள் ஷீட் போட்டால் நான் காங்கிரீட் போடுகிறேன் என்று கிளம்பினேன். செல்வியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. மாடிப்படி வைத்து, பால்கனியும் வைத்தேன். அந்தக் காட்டில் பால்கனியிலிருந்து பார்க்க ஒன்றுமே கிடையாது, நிர்மலாவின் ஷீட் கூரையைத் தவிர. அதை மேலிருந்து பார்க்கத்தான் கட்டினேன்.

குடிபோன மறுநாளே செல்வி உறைமோர் வாங்க எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு மானம் போயிற்று. அந்த ஞாயிறு வேன் வந்தபோது இரண்டு பேரும் நடுரோட்டில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேனுக்குள் ஒரு பெரியவர், "அட, தெரு மாதிரில இருக்கு!" என்றார். ஒற்றை வீடு இருந்தால் கிறுக்குத்தனம் என்பார்கள். எதிரே இன்னொன்று வந்தால் அது தெரு. பிறகு பால்காரர் வந்தார். பெட்டிக்கடை வந்தது. தை பிறப்பதற்குள் முதல் வரிசை முழுக்க விற்றுப்போனது.

பொங்கல் முடிந்து முதலாளி கூப்பிட்டார். தேய்த்த சட்டை போட்டுப் போனேன்.

"நிர்மலாதான்யா மேனேஜர்."

"முதலாளி! பால்கனியெல்லாம் வச்சுக் கட்டியிருக்கேன் நானு!"

"அதத்தான்யா சொல்றேன். உன்னையவே அங்க குடிவர வச்சுட்டாளே. அவள விட்டா வேற யாரு மேனேஜர்?"

தேய்த்த சட்டையோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அடிபட்ட ஜனம் பேச்சை வாங்காது. நீங்கள் துணி காயப்போடாத இடத்துக்கு வேனை எடுக்காதீர்கள்.

ரிட்டையர் ஆகி அதே வீட்டில்தான் இருக்கிறேன். நிர்மலாவும் இப்போது மாடி எடுத்துவிட்டாள், என் பால்கனியைவிட ஒரு முழம் உயரத்தில். கூரியர் பையன் போன் செய்தால் ஒரே கேள்விதான்:

"சார், மேனேஜரம்மா வீட்டுக்கு எதுத்த வீடுதான?"

"ஆமாய்யா" என்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.