சரளைப் பாதையில் முன்னால் போனவர்

பரமத்தி வேலூர் பக்கம், வண்டி வாகனம் வராத சரளைப் பாதை ஏதாவது கிடைக்குமா என்று சைக்கிளில் அலைந்தபோதுதான் அவரைப் பார்த்து வழி கேட்டேன். அறுபது வயதிருக்கும். காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு, துருப்பிடித்த சைக்கிள்.

“லாரி வராத வழியுங்களா? எம் பின்னாடியே வாங்க சாமி,” என்றார்.

வாய்க்கால் கரையில் வாழைத் தோட்டங்களை ஒட்டிப் போனோம். டயருக்கடியில் கல் நெரிபடும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் பாதை போய் முடிந்தது பைபாஸ் ரோட்டில். அவர் இறங்கி, போகிற வருகிற லாரிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இங்க எதுக்குங்க வந்தோம்?” என்றேன்.

“நான் தினமும் வாரனுங்க. லாரி ஓட்டுனவன். ஒரு நாள் ஒருத்தரு குறுக்க வந்துட்டாருங்க. அதோட ஸ்டியரிங்கத் தொடலீங்க.”

“அப்புறம் ஏனுங்க இதைப் பாக்கறீங்க?”

“பாக்காம இருக்க முடியலீங்களே.”

அப்போது ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஒரு ரிக் லாரி இறக்கத்தில் வேகமாக வந்தது. அவருடைய வலது கால் சரளையை அழுத்தி மிதித்தது. மிதித்தது பிரேக்கையா, ஆக்சிலேட்டரையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.